ஆக்கப் பொருளுண்டு, காக்கப் பொருளில்லை!

1991-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்களில், அமெரிக்காவின் இலாசு அலமோசு ஆய்வகத்தில் பணியாற்றிய பால் கின்சுபார்க் என்னும் இயற்பியலார், தம் அறையிலிருந்த கணிப்பொறி ஒன்றில் தாமே எழுதிய சிறு நிரல் ஒன்றை இயக்கிவைத்தார். துகள் இயற்பியலறிஞர் தம் கட்டுரைகள் அச்சேறுமுன் அவற்றின் முன்படிகளை ஒருவர்க்கொருவர் அஞ்சலில் விடுத்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. பெரும் பல்கலைக்கழகங்களில் இருந்தார்க்கு அம் முன்படிகள் உடனே கிட்டின. தொலைவிலும் எளிய நிலையிலும் இருந்தார்க்கோ பல திங்கள் கழித்துக் கிட்டின, கிட்டாமலும் போயின. கின்சுபார்க்கின் நிரல் அவ் வேற்றுமையை ஒரே நாளில் துடைத்தது. முன்படியை அந்நிரலுக்கு மின்னஞ்சலில் விடுத்தால் போதும். வேண்டுவார் எவரும் வேண்டியபொழுது பெறலாம்.

ஆண்டுக்கு நூறு கட்டுரை வரலாம் என்று எண்ணித் தொடங்கப்பெற்றது அது. முதல் அரையாண்டிலேயே நானூறு வந்தன. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் பத்து நூறாயிரம் கட்டுரைகள் அதில் சேர்ந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அத்தொகை இருமடங்காயிற்று. இன்று இயற்பியல், கணக்கியல், கணிப்பொறியியல் ஆகிய துறைகளில் உழைப்பார் காலையில் எழுந்தவுடன் முதலிற் பார்ப்பது 'ஆர்க்கைவ்' எனப்பெறும் அக்களஞ்சியத்தையே. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமும் அதன் முழுப்படியொன்றைத் தன் கணிப்பொறியில் நெடுநாள் வைத்திருந்து, இங்குள்ள ஆய்வாளர்க்குக் காலத்தாழ்வின்றி வழங்கிற்று.

இத்துணைப் பெரும்பணி செய்தவர்க்கு அவ்வாய்வகம் அளித்த மதிப்பீடு என்ன தெரியுமா? பொதுநிலைத் திறத்தர் என்பதும், எளிதில் வேறொருவரைக் கொண்டு ஈடுசெய்யத் தக்கவர் என்பதுமே! 2001-இல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்திற்குப் பெயர்ந்தார். களஞ்சியமும் அவருடனேயே பெயர்ந்து அப் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்பில் அமைந்தது. உலக முழுமைக்கும் உரிய ஓர் அறிவுக் களஞ்சியத்தின் செலவை ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகம் தன் புத்தகப் பணத்திலிருந்து தாங்கிற்று! ஆண்டுக்கு ஏறத்தாழ 4,00,000 தாலர் செலவாயிற்று. 2010-இல் அந்நூலகம், களஞ்சியத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் இருநூறு நிறுவனங்களை நோக்கி, விரும்பினால் பொருள் தந்து உதவுமாறு கேட்க நேர்ந்தது. பின்னர் உறுப்புக் கட்டண முறையும் சைமன்சு அறக்கட்டளையின் கொடையும் வந்தன. பழைய நிரல்களைப் புதுக்கி எழுதுவதற்கென நூறு நூறாயிரம் தாலருக்கு மேற்பட்ட பெருந்தொகை, சைமன்சு அறக்கட்டளையிடமிருந்தும் அமெரிக்க நாட்டு அறிவியல் அறக்கட்டளையிடமிருந்தும் கிட்டியது 2023-ஆம் ஆண்டில். பிறந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து!

இஃது ஒரு களஞ்சியத்தின் கதை மட்டும் அன்று. அரசுகளும் அறக்கட்டளைகளும் ஆய்வுக் கணிமைக்குப் பொருள் வழங்கும் முறையிலேயே ஓர் ஓட்டை இருக்கின்றது. அவ்வோட்டையை அடைக்காது மேன்மேலும் புதிய நல்கைகளை அறிவிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பதே ஆகும்.

ஆய்வுக்கென எழுதப்படும் நிரலுக்கும், நாள்தோறும் பிறர்க்குப் பயன்படும் நிலைப்பணிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. ஆய்வாளர் எழுதும் நிரல் அவர் கையில், அவர் கணிப்பொறியில், அவர் கட்டுரைக்கு வேண்டிய விடையை ஒருமுறை தந்தால் போதும். அதன் குறைகளை அவர் அறிவார். அக்குறைகளின்மீது காலிடாமல் சுற்றி நடக்கவும் அறிவார். நிலைப்பணியோ அவ்வாறன்று. முன்பின் அறியாத ஒருவர், வேறொரு நாட்டில், நள்ளிரவில், தவறான உள்ளீட்டைத் தந்தாலும் அது சிதையாமல் நிற்றல் வேண்டும். அடியில் இயங்கும் இயக்க மென்பொருள் மாறுந்தோறும் தானும் மாறல் வேண்டும். களவாளர் நுழையாதவாறு காவல் வேண்டும். தரவுகளுக்கு மறுபடிகள் வேண்டும். படித்துப் பயிலக் கையேடு வேண்டும். கேட்பவர்க்கு விடையிறுக்க ஆள் வேண்டும். முதலில் எழுதிய உழைப்பினும் பன்மடங்கு உழைப்பு இதற்கு ஆகும். அவ்வுழைப்பு முடிவதும் இல்லை.

இனி, நல்கை எவ்வாறு வழங்கப்படுகின்றது என்று பாருங்கள். மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு. அதற்குள் புதியதொன்று செய்து காட்டல் வேண்டும். விண்ணப்பத்தைத் தேர்வோர் கேட்கும் முதற்கேள்வி, 'இதில் புதுமை யாது?' என்பதே. 'சென்ற ஆண்டு நன்கு ஓடியது. இவ்வாண்டும் நன்கு ஓடும். ஐயாயிரம் பேர் அதனை நம்பியுள்ளனர்' என்பது அக்கேள்விக்கு விடையாகாது. பிழை திருத்தியவர்க்குக் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லார்க்குப் பதவி உயர்வு இல்லை. நிரலை எழுதிய மாணவர் முனைவர் பட்டம் பெற்று வெளியேறுகின்றார்; அவர் நெஞ்சிலிருந்த அறிவும் அவருடன் வெளியேறுகின்றது. நல்கை தீர்ந்த நாளில் வழங்கிக் கணிப்பொறி எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், ஒருநாள் நிற்கும் வரை.

ஆங்கிலத்தார் இவ் வேலைக்கு, பொறிகளைப் பழுதுபார்ப்பதற்குரிய சொல்லையே வழங்குகின்றனர். தமிழிற் 'பேணுதல்' என்போம். பேணுதல் என்பது கெட்டதைத் திருத்துதல் மட்டும் அன்று. விரும்பிப் போற்றிக் காத்தலும் ஆகும். பொருள் வழங்குவோர் இச்சொல்லின் பொருளை அறிந்திருப்பின் பாதித் தொல்லை இராது.

வலையின் வரலாற்றையே எடுத்துக்கொள்க. செனீவாவை அடுத்த 'செர்ன்' துகள் ஆய்வகத்தில் திம் பெர்னர்சு இலீ உருவாக்கிய உலகளாவிய வலையின் நிரல்களை, 1993 ஏப்பிரல் 30-இல் அவ்வாய்வகம் அனைவர்க்கும் உரிமையாக்கிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில், அவ்வாய்வகத்தின் பெரும் துகள்மோதித் திட்டம் ஒப்புதல் பெற்றது. வலையை மேலும் வளர்ப்பது தன் முதற்பணிக்குப் புறம்பானது என்று கருதிய செர்ன், அப்பொறுப்பைப் பிரெஞ்சு நாட்டுக் கணிப்பொறி ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இதில் செர்னைக் குறைகூறுதல் பொருந்தாது. துகளாய்வுக்கென நாடுகள் தந்த பணத்தைத் துகளாய்வுக்கே செலவிடுவதுதானே முறை? ஆயினும் உலகை மாற்றிய ஒரு படைப்பு, தான் பிறந்த வீட்டில் வளர வழியின்றி வெளியேறிற்று என்பது உண்மை.

அதே காலத்தில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்து மீக்கணிமை நடுவம், அரசுப் பொருளைக்கொண்டு 'மொசைக்' உலாவியையும் ஒரு வலை வழங்கி மென்பொருளையும் ஆக்கியிருந்தது. அவ் வழங்கியை எழுதிய இராப் மெக்கூல் 1994-இல் அந்நடுவத்தை விட்டு நீங்கினார், நிரல் அநாதையாயிற்று. அதனை நம்பியிருந்த தளக்காப்பாளர்கள் ஆளுக்கொரு திருத்தம் செய்து, அத் திருத்தங்களை மின்னஞ்சலில் ஒருவர்க்கொருவர் விடுத்துக்கொண்டனர். 1995-இல் அவர்களுள் எண்மர் கூடி அத் திருத்தங்களை ஒன்றாக்கியதே 'அப்பாச்சி' வழங்கி. ஓராண்டிற்குள் உலகின் மிகுதியான வலைத்தளங்கள் அதன்மேல் நின்றன. இதனை வெற்றிக்கதையாகவே அனைவரும் சொல்வர். வெற்றிதான்! ஆனால் அது நல்லூழால் வந்த வெற்றி. அந்நிரலுக்குப் பயனாளர் பெருந்தொகையினராய் இருந்தனர். அவர்களே நிரலெழுத வல்லாராகவும் இருந்தனர். செடிநூலாரும் வானூலாரும் வைத்துள்ள நிரல்களுக்கு அந்நல்லூழ் எளிதிற் கிட்டுமா?

கிட்டாத ஒரு கதை உண்டு. கடுகுக் குடும்பத்தைச் சார்ந்த 'அராபிடாப்சிசு' ஒரு சிறு களைச்செடி. உண்ணவும் உதவாது, விற்கவும் உதவாது. ஆயின் விரைவில் வளர்வதாலும், மரபணுத் தொகுதி சிறிதாய் இருப்பதாலும், நிலைத்திணை ஆய்வாளர்க்கு அதுவே உரைகல். நிலைத்திணைகளுள் முதன்முதல் முழு மரபணுத் தொகுதியும் படித்தறியப்பட்டது அச்செடியினுடையதே. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அது வெளியாயிற்று. நெல்லிலோ கோதுமையிலோ ஒரு மரபணு என்ன செய்கின்றது என்று அறிய விரும்புவார், முதலில் அதனை ஒத்த மரபணு இச்செடியில் என்ன செய்கின்றது என்றே தேடுவர். அச்செய்திகளையெல்லாம் தொகுத்துக் காக்கும் தரவகம் 1999-இல், இசுடான்போர்டிலிருந்த கார்னெகி நிறுவனத்து நிலைத்திணைப் பிரிவில், அமெரிக்க நாட்டு அறிவியல் அறக்கட்டளையின் நல்கையால் தோன்றிற்று. இதில் கணிப்பொறி செய்வது சிறு பங்கே. வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளைத் துறையறிந்தார் படித்து, எந்த மரபணுவைப் பற்றி எவர் எதனை மெய்ப்பித்தார் என்பதைச் சொல் சொல்லாகப் பதிவுசெய்ய வேண்டும். அகரமுதலித் தொகுப்பில் உழைத்தவர்கள் இவ்வுழைப்பின் அருமையை அறிவர்.

பத்தாண்டு கழிந்தது. தரவகம் இப்பொழுது புதுமை அன்று. நல்கை படிப்படியாகக் குறைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 2013-இல் அடியோடு நின்றது. உழைத்தார் கலைந்து போகவில்லை. 'பீனிக்சு' என்னும் பெயரில் ஈட்டம் கருதாத அமைப்பொன்றை நிறுவிக்கொண்டனர். பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் ஆண்டுக்கட்டணம் வாங்கத் தொடங்கினர். கட்டணம் செலுத்தாதவர் திங்களுக்குச் சில பக்கங்களையே பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கப்பட்ட தரவு முழுமையாக அவர் கைக்கு வர ஓராண்டு பொறுக்க வேண்டும். தரவகம் பிழைத்தது. கட்டணம் வாங்கினார்மேல் குற்றம் இல்லை. வாங்காவிடில் இன்று அத்தரவகமே இராது. ஆயினும் மக்கள் வரிப்பணத்தில் பதினான்கு ஆண்டு வளர்ந்த ஒரு பொதுச்செல்வத்திற்கு வாயிற்கதவு போடப்பட்டது. கதவுக்கு உள்ளே இருப்பார் பெரும் பல்கலைக்கழகத்தார். வெளியே நிற்பார், கின்சுபார்க் எவரை எண்ணி நிரல் எழுதினாரோ, அதே தொலைவினரும் எளியருமே.

அரசு இதனால் மீத்தது யாது என்று கேட்டால், விடை இன்னும் நகைப்பிற்குரியது. கட்டணம் செலுத்தும் பல்கலைக்கழக நூலகங்களின் பணத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகின்றது? அரசிடமிருந்தே! நேரே கொடுக்க மறுத்த காசை அரசு சுற்றுவழியில் கொடுக்கின்றது. கணக்கெழுதுவார்க்கும் ஒப்பந்தம் எழுதுவார்க்கும் இடையில் ஒரு பங்கு போகின்றது.

'குளோபசு' என்னும் மென்பொருளின் வரலாறு சற்று வேறானது. 1995-இல் அமெரிக்காவின் சான் டீகோ நகரில் கூடிய மீக்கணிமை மாநாட்டின்பொழுது, பதினேழு இடங்களிலிருந்த கணிப்பொறிகளை ஒன்றாக இணைத்துக் காட்டினர். அம்முயற்சியின் வழியே இயான் பாசுட்டர், கார்ல் கெசல்மன், இசுட்டீவ் டூக்கி ஆகியோர் தொலைவிலுள்ள கணிப்பொறிகளை ஒன்றுபோல் இயக்கும் கருவித் தொகுதியை ஆக்கினர். அரசு நல்கைகள் பல அதனை வளர்த்தன. செர்ன் துகள்மோதியின் தரவுகள் ஏறத்தாழ 40 நாடுகளிலுள்ள கணிப்பொறி நடுவங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபொழுது, அப்பகிர்வு இத்தொகுதியின் கூறுகளைக் கொண்டே நிகழ்ந்தது. 2012-இல் இகிசு துகள் காணப்பெற்றது என்று உலகமே கொண்டாடிற்று. தரவைச் சுமந்த நிரலைக் கொண்டாடினார் எவர்?

ஆக்கியோர் தெளிந்த பார்வையினர். நல்கையை நல்கையாக நம்பி நெடுநாள் ஓட முடியாது என்று கண்டு, 2010-இல் சிகாகோ பல்கலைக்கழகத்திற்குள்ளேயே தரவுப் பெயர்ப்பை ஒரு நிலைப்பணியாக நடத்தத் தொடங்கினர். அதனை நிறுவனங்களின் ஆண்டுக்கட்டணம் தாங்கிற்று. இது திருந்திய வழியே. ஆனால் அனைவர்க்கும் திறந்திருந்த பழைய கருவித் தொகுதிக்குச் செலவிட ஒருவரும் முன்வரவில்லை. 2018 சனவரியோடு அதற்குரிய துணையை நிறுத்திவிட்டனர். அதன்மேல் தம் கட்டடத்தை எழுப்பியிருந்த ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பினர் திறந்த நிரலைத் தாமே எடுத்து, வேறு பெயரில் பேணத் தொடங்கினர். நிரல் திறந்திருந்தமையால் அது முடிந்தது. மூடியிருப்பின்?

'எதற்கு இவ்வளவு தொல்லை? பயனுள்ள மென்பொருளை வணிகர் எடுத்துக்கொள்வர்; சந்தையே நல்லதைத் தேரும்' என்பார் உளர். மொசைக் உலாவியை ஆக்கியோருட் சிலர் 1994-இல் நெட்சுகேப் நிறுவனம் தொடங்கிப் பெரும்பொருள் ஈட்டியது உண்மையே. உலாவியை வாங்க உலகே இருந்தது. ஆனால் களைச்செடியின் மரபணுப் பட்டியலை வாங்குவார் எத்தனை பேர்? அவரும் நல்கையால் வாழ்பவரே. ஒரு நிரலுக்குச் சந்தை இல்லை என்பதால் பயனும் இல்லை என்று கொள்வது பெரும் பிழை. நம்பை என்னும் எண்கணக்குத் தொகுதியைப் பாருங்கள். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் உருப்பெற்ற அத்தொகுதியின்றி இன்று அறிவியற் கணக்கீடு ஒருநாளும் நடவாது. செயற்கை அறிவின் பேரில் செல்வம் குவிக்கும் நிறுவனங்களும் அதனை இலவயமாகவே எடுத்தாள்கின்றன. அதற்கெனத் தனி நல்கை முதன்முதற் கிட்டியது 2017-இல்: மூர் அறக்கட்டளை பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் வழியே தந்த 6,45,020 தாலர். அதுவரை அத்தொகுதி ஓய்வுநேர உழைப்பாலும் ஈகத்தாலுமே வளர்ந்தது. சந்தை அதனைத் தேர்ந்ததென்பது உண்மை, விலைதான் கொடுக்கவில்லை!

எல்லா நிரலையும் என்றென்றும் பேணல் வேண்டும் என்பதும் இல்லை. ஆய்வுக்கென எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலன கட்டுரையோடு முடிந்துபோகத் தக்கனவே. அவற்றைக் காப்பது வைக்கோலுக்குக் களஞ்சியம் கட்டுவதாகும். பேணத்தக்கது எது என்பதற்கு அளவுகோல் எளிது. ஆக்கியவர் கூட்டத்திற்கு அப்பால் எத்துணைப் பேர் அதனை நம்புகின்றனர்? நாளை அது நின்றால் எவர் வேலை நிற்கும்? இவ்விரண்டையும் நல்கை முடியுமுன்னரே கேட்டல் வேண்டும். முடிந்தபின் கேட்பது ஒப்பாரி. விடை தகுதியாய் இருப்பின், நிரலைத் திருத்திக் கட்டவும், வேற்றிடத்திற்கு மாற்றவும், பேணுவாரை அமர்த்தவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இடைநிலை நல்கையும், அதன்பின் நிலையான ஆண்டுப்பொருளும் வழங்கல் வேண்டும். இடைநிலை நல்கை மட்டும் தந்து நிலைப்பொருளை மறப்பது, பாலத்தைப் பாதி ஆற்றோடு விடுவது.

பழந்தமிழ் ஊரவையார்க்கு இவ்வறிவு இருந்தது. ஏரி வெட்டியவர் பெயர் கல்லில் நின்றது. அதனோடு அவர்கள் அமையவில்லை. ஏரியைப் பேணுவதற்கென ஏரிப்பட்டி எனத் தனி நிலம் ஒதுக்கினர். 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என ஒரு தனிக்குழுவே காணப்படுகின்றது. ஆண்டுதோறும் தூர்வார வேண்டும் என்பதற்காக ஆண்டுதோறும் 'இதில் புதுமை யாது?' என்று எவரும் அவர்களைக் கேட்டிலர்.

மேலைநாட்டிலும் விழிப்புத் தோன்றாமல் இல்லை. பிரித்தானியாவில் 2010-இல் ஆய்வு மென்பொருள்களின் நிலைபேற்றுக்கெனவே ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது; நிரலைப் பேணுவாரை 'ஆய்வு மென்பொருட் பொறியாளர்' என்னும் தனிப்பெயரால் வழங்கும் வழக்கம் அந்நாட்டில் 2012-இல் எழுந்தது. பெயர் கிட்டிற்று, பல இடங்களில் பதவியும் கிட்டிற்று. பதவிக்குரிய சம்பளம்தான் இன்றும் பெரும்பாலும் அடுத்த நல்கையை நோக்கியே நிற்கின்றது.

தொடர்ந்து பொருள் தந்தால் என்ன விளையும் என்பதற்கும் சான்று உண்டு. 1971-இல் அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வகத்தில் ஏழே ஏழு புரத வடிவங்களோடு ஒரு தரவகம் தொடங்கிற்று. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் அது இரட்கர்சு பல்கலைக்கழகத்தைத் தலைமையாகக் கொண்ட கூட்டமைப்பிற்குப் பெயர்ந்தது. பெயர்வுக்கும் பொருள் தரப்பட்டது. அரசு நிறுவனங்கள் ஐம்பதாண்டுக்கு மேலாகப் பொருள் நிறுத்தவில்லை. கட்டணமும் இல்லை, கதவும் இல்லை. 2023-இன் தொடக்கத்தில் அதிலிருந்த வடிவங்கள் 2,00,000-ஐக் கடந்தன. அத்தரவகத்தைப் பாடநூலாகக் கொண்டு பயின்றே 'ஆல்பாபோல்டு' என்னும் நிரல் புரதங்களின் வடிவை முன்கூட்டி உரைக்கக் கற்றது. அந்நிரலை ஆக்கிய தெமிசு அசாபிசும் சான் சம்பரும் 2024-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசிற் பாதியைப் பகிர்ந்துகொண்டனர். 1971-இல் அந்த ஏழு வடிவங்களுக்குப் பொருள் தந்தவர் ஒருவரும் இப்பயனைக் கனவிலும் கண்டிரார்.

அத்தகு தரவகமும் சில ஆண்டுகளுக்கொருமுறை விண்ணப்பத் தாளை நிரப்பிக்கொண்டு, தனக்கு இனியும் பொருள் வேண்டும் என்று மெய்ப்பிக்க வரிசையில் நிற்கின்றது.